ரிலீவர் வரும்வரை

கருவேலங்குளம் காகித ஆலைக் காலனிக்கு ஊனம் தபாலில்தான் வந்தது. மற்ற ஊர்களில் அது விபத்தாக வரும், வியாதியாக வரும், சில வீடுகளில் பிள்ளையோடு கூடவே பிறந்தும் வரும். எங்கள் காலனிக்கு மட்டும் பழுப்பு உறைக்குள் மடங்கி, கதவு எண்ணிலோ தகப்பன் பேரிலோ ஒரு பிழைகூட இல்லாமல், தபால்காரி மெர்சியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து சேர்ந்தது. உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது கல்யாணமா கடன் நோட்டீஸா என்று சொல்லிவிடக் கூடிய மெர்சிக்கே அன்று ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது எங்களுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆலையை வாங்கிய புது முதலாளிகள் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, டீயும் முந்திரி பிஸ்கட்டும் கொடுத்து, விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு எங்களுடையது. வாங்கியவர்கள் ஆலையையும் நடத்தவில்லை, இரும்பை எடைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியது வாசல் கேட்டும், பஞ்சாயத்து எடுத்துக்கொண்ட சங்கும்தான், ஏனென்றால் பள்ளிக்கூடமும் மினி பஸ்ஸும் அந்தச் சங்கை நம்பித்தான் ஓடின. காலை ஆறுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் ராத்திரி பத்துக்கும் அது பழையபடி ஊதிக்கொண்டிருக்க, கல்லைத் தின்றாலும் செரிக்கிற நாங்கள் காலையில் குளத்தைச் சுற்றி ஓடினோம், சாயங்காலம் வாலிபால் ஆடினோம், நடுவில் கிடந்த நீளமான பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து குழம்பில் உப்பு சரியா என்று பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் வாலிபாலில் எங்கள் ஊரிலேயே உயரமாகக் குதிக்கிற பால்துரைக்கு. அவர் அதை டீக்கடையில் உரக்கப் படித்தார்: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் இடது கால் செயலற்றிருப்பதைப் பரிவுடன் கருத்தில் கொண்டு, தங்கள் ஆயுள்வரை மாதாந்திர உதவித்தொகை வழங்க முன்வந்துள்ளோம். மருத்துவச் சான்று தேவையில்லை. சம்மதமெனில் கையொப்பமிட்டு அனுப்பவும்.' பால்துரை பெஞ்சில் இருந்து எழுந்து அந்த இடது காலை மட்டும் ஊன்றி ஒரு குதி குதித்துக் காட்டினார். கடையே சிரித்தது.

மறுநாள் ஒருத்தருக்குக் காது கேட்காததற்கு வந்தது, இன்னொருத்தருக்கு வலது கை விளங்காததற்கு, கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பேச்சு வராததற்கு. அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் சங்கு ஊதினாலும் கேட்காது. பாய்லர் பிரிவில் வேலை பார்த்த தவசிமுத்துவுக்கு இரண்டு கைகளுக்கும் சேர்த்து வந்தது. அவர் அதன் பின்பக்கத்தில் 'ஆள் நல்லா இருக்கான்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மாதம் தவறாமல் அது மறுபடி வந்தது, ஒவ்வொரு தடவையும் பரிவு கொஞ்சம் கூடியிருந்தது.

பால்துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆசை என்று சொல்ல முடியாது, பழக்கம்தான். ஆபீசில் இருந்து தாள் வந்தால் முதலில் கையெழுத்துப் போடுவது, பிறகு நேரம் கிடைத்தால் படிப்பது என்றுதான் ஆலையில் எல்லோருமே இருந்தோம், ஓய்வே அப்படித்தான் வந்தது. பணம் வந்துவிட்டது என்று அவருடைய போன் மணியடித்தபோது அவர் மினி பஸ்ஸில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வலது கால் தரைக்கு வந்தது. இடது கால் படியிலேயே நின்றுகொண்டது. கண்டக்டர்தான் அதைத் தூக்கி, வாழைத்தாரை இறக்குகிற மாதிரி பக்குவமாக இறக்கிவைத்தார்.

இதற்கு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டு திரிந்திருந்தால்தான் எங்களுக்கு உறுத்தியிருக்கும். தொழிற்சங்கச் செயலாளராக இருந்த கோமதிநாயகம் அண்ணாச்சி, அவரும் பாய்லர் ஆள்தான், டீக்கடையில் அதை ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார்.

"காசும் வாங்கி, காலும் நல்லா இருந்தா அதுக்குப் பேருதான்வே மோசடி. இப்ப கணக்கு நேராயிட்டு."

இங்கே எங்கள் ஆலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாய்லரை ஒரு நிமிஷமும் தனியே விடக் கூடாது, விட்டால் அது ஊரையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் சங்கு ஊதினாலும் ரிலீவர் வராமல் யாரும் நகர்வதில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு உரியவர் வந்து, நிற்கிறவர் தோளில் கையை வைத்து, "போ, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முதல் ஆள் திரும்பியே பார்ப்பார். பாய்லரில் தொடங்கிய இந்த முறை பிறகு எல்லாப் பிரிவுக்கும் பரவி, ஆஞ்சு ஓய்ந்த நாளிலும் காய்ச்சலடித்த நாளிலும் பெண்டாட்டி பிரசவ வலியில் கிடந்த நாளிலும் ரிலீவர் வராமல் போனதில்லை என்பதுதான் எங்களுடைய ஒரே பெருமை. கோவில் கொடை விழாவில் எங்களுக்கு முதல் மரியாதை கிடையாது, நிலபுலம் கிடையாது, பெருமைக்கு இது ஒன்றுதான்.

பால்துரை காலை இழுத்துக்கொண்டு வந்து ஆலை கேட் முன்னால் கிடந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிச் சங்கு ஊதியது. காகிதம் வெட்டுகிற பிரிவில் அவருக்கு ரிலீவராக இருந்தவர் அந்த வழியாகப் போனவர், நண்பன் முகம் வாடிக் கிடக்கிறதே என்று தோளில் கைவைத்து, பழைய வாய்ப்பழக்கத்தில் "போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்னவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்தார். பால்துரை எழுந்து நடந்தே போனார், பத்து மணிக்கு ஞாபகமாகத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான், காலனி விழித்துக்கொண்டது. ஊனத்தையும் ஷிஃப்ட் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எட்டு மணி நேரம் என்ன பெரிய விஷயம், அதைவிடக் கொடுமையான எட்டு மணி நேரங்களை ஆலைக்குள் பார்த்தவர்கள் நாங்கள். மளமளவென்று கையெழுத்துப் போட்டோம். யார் யாருக்கு எந்த நேரம் என்று சங்கக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதினோம். கேட் முன்னால்தான் மாற்ற முடியும், வேறெங்கே தொட்டாலும் ஒட்டாது. ஆலையில் டோக்கன் நம்பர் உள்ளவர்களுக்குத்தான் மாறும், மற்றவர்கள் தொட்டால் வெறும் தொடுகைதான். இதெல்லாம் தானாகவே தெரிந்துபோயிற்று.

பழகியும் போயிற்று. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் விளங்காத காலை இன்னொருத்தருக்கு மாற்றிவிட்டுப் போனார். காது கேட்காத ஷிஃப்டுக்கு மத்தியானத்தில் ஏகக் கிராக்கி, பெண்டாட்டிமார் ஏசுகிற நேரம் அதுதான். பேச்சு வராத முறை கேன்டீன் அம்மாளிடம் இருக்கும்போது வந்து பேசிவிட்டுப் போவதற்கென்றே நாலு பேர் காத்திருந்தார்கள். மளிகைக்கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும்போது, "இப்ப வலது கை யாருகிட்ட இருக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பையை நீட்டினார்கள். வாலிபால் ஆட்டம் மட்டும் நின்றுபோனது, எப்போதும் ஒரு பக்கம் ஆள் குறைந்தது. அதையும் யாரும் சொல்லிக் காட்டவில்லை.

பாய்லர் பிரிவில் இன்னொருத்தர் இசக்கியப்பன். அவருக்கு இரண்டு கண்களுக்கும் வந்திருந்தது. தொகை அதற்குத்தான் கூடுதல், மகள் கௌசல்யா மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தவசிமுத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வே தவசி, நீரு எனக்கு ரிலீவர். கோமதியண்ணாச்சி ஒமக்கு ரிலீவர். அவருக்கு நான். மூணு பேரும் சரின்னா போடுதேன், இல்லன்னா கிழிச்சிருதேன்."

"கண்ணுவே," என்றார் தவசிமுத்து. "காலு கையி மாதிரி இல்ல."

"ராத்திரி ஷிஃப்ட நானே எடுத்துக்கிடுதேன். தூங்குதவனுக்குக் கண்ணு எதுக்கு?"

தவசிமுத்துவுக்கு இந்தக் காசில் துளியும் இஷ்டம் கிடையாது. நல்லா இருக்கிற உடம்புக்குக் கூலி வாங்குகிறவன் ஒருநாள் உடம்பைக் கொடுக்க வேண்டி வரும் என்று டீக்கடையில் சொல்லி எல்லோரிடமும் கெட்ட பேர் வாங்கியவர் அவர். இருந்தாலும் எதிரே நிற்கிறவன் இருபத்திரண்டு வருஷம் தன் கையைத் தோளில் வாங்கியவன்.

"எனக்குப் பங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார். "ஒனக்கு ரிலீவர் நான்தான். அது ஆலை இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டியும் அப்படித்தான்."

அவர் மனைவி கனகமணி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இசக்கியப்பன் போன பிறகு, "சுமக்குதது நீங்க, கையெழுத்து அவுக. ஏதாவது ஒண்ணுன்னா யாருகிட்டப் போயிக் கேக்க?" என்றாள். கேட்டுக்கு நேர் எதிரே முதல் வரிசையில்தான் அவர்கள் வீடு, பெஞ்சு ஜன்னலில் இருந்தே தெரியும். போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன வந்துவிடும் என்றுதான் தவசிமுத்து நினைத்தார்.

அதன்படி தினமும் காலை ஆறு மணிச் சங்குக்கு இசக்கியப்பனிடம் இருந்து இருட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்குக் கோமதிநாயகத்திடம் கொடுத்துவிட்டு எழுந்தார். இடையில் பெஞ்சில் உட்கார்ந்து, காலனியைக் காதாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். மெர்சி சைக்கிளை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். கனகமணி பத்து மணிக்குக் காப்பி கொண்டுவந்து கையில் பிடிக்கவைப்பாள். இப்படியே ஒரு மழைக்காலம் கழிந்து வெயிலும் வந்தது.

பங்குனியில் ஒருநாள் காலையில் இசக்கியப்பன் தவசிமுத்துவின் கையைத் தோளில் வாங்கிக்கொண்டு எழுந்து, கண்ணைத் திறந்து, "ஏ அப்பா, வானத்தைப் பாரும்வே," என்று பார்க்க முடியாதவரிடம் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் குளிக்கப் போனார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தைக் கழுவியவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கி வந்தபோது மதியம் நெருங்கிவிட்டது.

பெஞ்சில் இருந்த தவசிமுத்துவுக்கு ஓட்டமும் அழுகையும் கேட்டன. யாருக்கு என்ன என்று போகிற காலடிகளிடம் கேட்டார், காலடிகள் நிற்காமல் போயின. கடைசியில் மெர்சிதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து சொன்னாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் இரண்டு மணிச் சங்கு ஊதியது. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தோளைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் வரவில்லை. வாங்கினால் பிறகு அதை யாரிடம் கொடுப்பது, கண் திரும்பிப் போகிற தவசிமுத்து மறுபடி வருவார் என்று என்ன நிச்சயம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெகு நேரம் கழித்து மெர்சியே திரும்பி வந்தாள்.

"கோமதியண்ணாச்சிக்குக் காய்ச்சலாம், அண்ணாச்சி. நெஞ்சு வரைக்கும் போத்திட்டுப் படுத்திருக்காங்க."

"சரித்தான். ரிலீவர் வராட்டி டபுள் ஷிஃப்ட் பாக்கணும்லா," என்றார் தவசிமுத்து, நாளைக்கு வந்துவிடுவார் என்கிற குரலில்.

காய்ச்சல் விட்டது, அவர் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. எங்களை ஏதோ கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெஞ்சுக்கு மேலே வெயில் படாமல் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தோம். பக்கத்தில் மண்பானையில் தண்ணீர் வைத்தோம். வீட்டில் இருந்து கேட் வரைக்கும் பிடித்துக்கொண்டு நடக்க நைலான் கயிறு கட்டினோம். ரேடியோ வாங்கிக் கொடுத்தோம். கேட் முன்னாலேயே சங்கக் கூட்டம் போட்டு, கடமை தவறாத தொழிலாளி என்று தீர்மானம் நிறைவேற்றி, ஆறு பேர் பேசி, சால்வையை மேடையில் இருந்தே அவர் மடியில் விழுகிற மாதிரி நீட்டிப் போட்டோம். தோளில் போர்த்தினால் கை பட்டுவிடும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கேட் வழியாகப் போக வேண்டியவர்கள் பம்பு செட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். அது தூரம்தான், ஆனால் மர நிழல் உண்டு என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம்.

கனகமணி மட்டும் ஒவ்வொரு சங்குக்கும் வந்தாள். ஆறு மணிக்கும் இரண்டு மணிக்கும் பத்து மணிக்கும் வந்து, அவர் தோளில் கையை அழுத்தி வைத்து, "போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஆலைக்குள் ஒருநாளும் வேலை பார்த்தவள் இல்லை, அவளுக்கு டோக்கன் நம்பர் கிடையாது. இருபத்தைந்து வருஷம் அதே ஷிஃப்டுகளுக்குச் சோறு கட்டி அனுப்பியதெல்லாம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. ஒருநாள் தாங்க முடியாமல் நேரே கோமதிநாயகம் வீட்டுக்கே போய்விட்டாள்.

"கண்ணு போனா போட்டும் அண்ணாச்சி. நீங்க வருவீகன்னு அவுக அங்கன உக்காந்திருக்காக. அதைத்தான் என்னால பாக்க முடியல."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் மாட்டேன்னு சொல்லல மதினி. எனக்கு ரிலீவர் யாருன்னு நீங்களே சொல்லுங்க. இந்த நிமிசமே வாறேன்."

அவள் பெஞ்சுக்கே திரும்பி வந்தாள். இசக்கியப்பன் பேருக்கு வந்த உதவித்தொகை அவர் இறந்த மாதமே நின்றுவிட்டது, இருட்டு மட்டும் நிற்கவில்லை. கடிதங்களை அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டபோது பதில் தவசிமுத்து பேருக்கே வந்தது. மெர்சி அதைப் படித்துக் காட்டினாள்: 'தாங்கள் நல்ல பார்வையுடன் இருப்பதாகவே எங்கள் பதிவேடு காட்டுகிறது. மகிழ்ச்சி. தங்களின் இரு கைகளுக்கான சலுகை இன்னும் தங்களுக்காகக் காத்திருக்கிறது.' படித்து முடித்துவிட்டு மெர்சி அதை அவரிடம் கொடுக்காமல் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். அவருக்கு அன்றுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. ராத்திரியா பகலா என்பதைச் சங்கை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன், சங்கு நின்றுவிட்டால் எனக்கு எல்லாம் ஒரே ஷிஃப்ட் ஆகிவிடும் என்று கனகமணியிடம் சொன்னார். இனிமேல் ஒருபோதும் உன் முகத்தைப் பார்க்க மாட்டேனா என்றும் கேட்டார். அவள் அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த உறை இசக்கியப்பனின் மனைவி செண்பகவல்லிக்கு வந்தது. நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது, அரிசி மூட்டையைத் தனியாக இறக்கிவைக்கிற உடம்பு. 'மறைந்த தங்கள் கணவரின் பார்வையின்மையும் அதற்கான உதவித்தொகையும் வாரிசுரிமைப்படி தங்களுக்கு உரியவை. சம்மதமெனில் அவருடைய டோக்கன் நம்பரைக் குறிப்பிட்டுக் கையொப்பமிடவும்.' ஆலை ஓடின காலத்தில் வேலையில் இருந்தவர் இறந்தால் வீட்டில் ஒருத்தருக்கு வாரிசு வேலை கொடுப்பார்கள், அதே மாதிரிதான் என்று எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. போடாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. பம்பு செட்டுப் பக்கம் அன்று கூட்டம் அதிகமாக இருந்தது.

ஆறு மணிச் சங்குக்கு அவள் வந்தாள். தவசிமுத்து செருப்புச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி, செண்பகம்."

"நீ எதுக்குத் தாயி இங்கன வந்த?"

"கையெழுத்துப் போட்டுட்டேன். அவுக நம்பரு இப்ப என் நம்பரு."

அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார், கைக்கு எட்டாத தூரத்துக்கு. "வேண்டாம். பிள்ளை படிப்ப முடிக்கணும். நீ பாத்து வளக்கணும்."

"பிள்ளைக்காகத்தான் போட்டேன். அதோட, தெனமும் ஜன்னல் வழியா உங்களப் பாத்துட்டு என்னால சோறு திங்க முடியல. அவுக வாங்கினது. நீங்க எத்தன நாளைக்குச் சுமப்பீக? நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிடலாம். ரெண்டு மணிக்கு வந்துருவீகல்ல?"

"வராம எங்கன போவேன் தாயி," என்றார் தவசிமுத்து. அதைச் சொல்லும்போது அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அவள் கையை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். முதலில் அவருக்குத் தெரிந்தது சிமெண்டுப் பெஞ்சின் மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகள். பிறகு தகரக் கொட்டகை, அதில் யாரோ பெயிண்டால் எழுதியிருந்த அவருடைய பெயர், அந்தச் சால்வையின் நிறம். செண்பகவல்லி பெஞ்சைத் தடவித் தடவி உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவர் அவளை உட்காரவைத்து, பானை இருக்கும் திசையைச் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தார்.

கனகமணி வாசலில் நின்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்து, கன்னம் ஒட்டி, முன்னந்தலை பாதி நரைத்து, தனக்குத் தெரியாமலேயே அவளுக்குப் பத்து வயது கூடியிருந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அவர் குளித்தார், குளிக்கும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லியைப் பிய்க்காமல் பார்த்தார். முற்றத்துத் துளசியை, கொடியில் காய்ந்த சேலையை, சுவரில் தொங்கிய மாமனார் படத்தை, தன் நகங்களை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார். பம்பு செட்டுப் பக்கமாகச் சுற்றி நாலைந்து பேர் வந்து விசாரித்தார்கள். கோமதிநாயகமும் வந்தார், வாசலிலேயே நின்று, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். தவசிமுத்து அவரை ஏசவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கனகமணி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, அவருடைய செருப்பை எடுத்து வாசலில் நேராகத் திருப்பி வைத்தாள். குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"நேரமாச்சே. கிளம்பலியா?"

"போறேன்," என்றார்.

கிளம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகத்துக்கு உடம்பில் பலம் உண்டு, ஒரு ஷிஃப்ட் டபுள் பார்த்தாலும் பார்த்துவிடுவாள், இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளை காலையில் முதல் சங்குக்கே போய் நின்றுவிடலாம் என்று அவருடைய மனம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. கோமதிநாயகத்துக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியும் எழுந்திருக்க முடியவில்லை.

சங்கு ஊதத் தொடங்கியது. அது ஊதுகிற நேரம் முழுவதும் கனகமணி நிலைப்படியில் நின்று அவரையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சங்கு இழுத்து இழுத்து ஓய்ந்தது.

அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையை எடுத்து, தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கினாள். தான் தொட்டால் ஒன்றும் மாறாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் போனாள்.

தவசிமுத்து ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலுக்குக் கண் கூசியது, இருந்தாலும் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தார் ரோட்டில் குடையின் நிழல் நகர்ந்து போவது தெரிந்தது. கனகமணியின் குதிகால் வெடிப்பில் ஒட்டியிருந்த மண் தெரிந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சிரிப்போடு, வந்துவிட்டார் என்று நம்பி, தோளை முன்னால் கொடுப்பதும் தெரிந்தது.